முகூர்த்த நாள் மல்லிகையும் கடைசி நேர விமான டிக்கெட்டும்



போன வாரம் ரயிலில் வரும்போது எதிர் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். "பிளேன் டிக்கெட்டை முன்கூட்டி வாங்கக் கூடாதுடி. கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி பார்க்கணும். காலி சீட்டைப் பாதி விலைக்குத் தள்ளி விட்ருவான்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் அதை அப்படியே நம்பித் தலையாட்டினார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே பேச்சை நம்பி நான் ஒரு ராத்திரி காத்திருந்தேன். அதன் பலனை இன்றுவரை அனுபவிக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி மும்பை செம்பூருக்கு வந்து முப்பத்திரண்டு வருடம் ஆகிறது. அம்மா பாளையங்கோட்டையில் தம்பி வீட்டில் இருந்தாள்.

2024 செப்டம்பர். இங்கே பிள்ளையார் சதுர்த்தி ஆரவாரம் ஓயவில்லை. ஓணத்துக்கு நாலைந்து நாள்தான் பாக்கி. சாயந்திரம் ஏழரை மணிக்குத் தம்பி போன் செய்தான். "யக்கா, அம்மாவுக்கு மூச்சு முட்டுது. ஆஸ்பத்திரில சேத்திருக்கோம். நல்லாத்தான் பேசுதா. ஆனா டாக்டர் மொகம் சரியில்ல. நீ கிளம்பி வந்துரு."

ரயிலில் போனால் ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். விமானம்தான் வழி. பக்கத்து வீட்டுப் பையன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். அவனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். மறுநாள் விடியற்காலை திருவனந்தபுரத்துக்கு ஒரு விமானம். விலை 9,800 ரூபாய். நான் அதற்கு முன் வாங்கிய டிக்கெட் 4,500 ரூபாய். "என்னப்பா இவ்வளவு?" என்றேன். அவன், "ஆன்ட்டி, கொஞ்சம் பொறுங்க. நிறைய சீட்டு காலியா காட்டுது. பன்னிரண்டு மணிக்கு மேல கட்டாயம் குறையும்" என்றான். ஷிப்டில் இருந்த என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அவரும், "அவன் சொல்றது சரியாத்தான் இருக்கும். கொஞ்சம் பொறு" என்றார்.

பொறுத்தேன். ஐயாயிரம் ரூபாய் மிச்சமாகுமே என்கிற ஆசைதான். வேறொன்றும் இல்லை. பதினோரு மணிக்குப் பார்த்தால் 12,300. பயம் வந்துவிட்டது. உடனே வாங்கலாம் என்றால் கார்டு அவர் பேரில் இருக்கிறது. ஓ.டி.பி. அவருடைய போனுக்குப் போகும். அவரோ மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறார், போனை எடுக்கவில்லை. ஒரு மணிக்கு அவர் கிடைத்தபோது விடியற்காலை விமானத்தில் ஒரு சீட்டுகூட இல்லை. மத்தியானம் ஒன்றரை மணி விமானத்தில்தான் இடம் இருந்தது. விலை 17,600. வாய் பேசாமல் வாங்கினேன்.

திருவனந்தபுரத்தில் இறங்கி, கார் பிடித்து, நாகர்கோவில் வழியாக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ராத்திரி எட்டு மணி. அம்மாவின் வாயில் குழாய் செருகியிருந்தார்கள். கண் மூடியிருந்தது. "மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் பேசுனாக்கா. வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தா. மூணு மணிக்குத்தான் குழாய் போட்டாங்க" என்றான் தம்பி. காலை விமானத்தில் வந்திருந்தால் பன்னிரண்டு மணிக்கு அவள் பக்கத்தில் இருந்திருப்பேன். ஐந்தாம் நாள் அம்மா போய்விட்டாள். அதற்குள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அவர் மேலும் இல்லை. விஷயம் தெரியாமல் காத்திருந்தேனே என்று என் மேல்தான் வருத்தம். பிறகுதான் இதைப் பற்றி விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டேன்.

நாம் ஏன் இப்படி நம்புகிறோம்? மார்க்கெட்டில் பார்த்துப் பழகியதுதான் காரணம். சாயந்திரம் ஆனால் தக்காளியைக் கூறு கட்டிப் பாதி விலைக்குக் கொடுத்துவிடுவான். விற்காவிட்டால் அழுகிவிடும். விமானச் சீட்டும் கிளம்பிவிட்டால் வீண்தானே, கடைசியில் மலிவாகத்தானே தருவான் என்று கணக்குப் போடுகிறோம். கணக்கு தப்பு. கடைசி நேர டிக்கெட் சாயந்திரத் தக்காளி இல்லை, முகூர்த்த நாள் காலையில் விற்கும் மல்லிகைப்பூ. முழம் என்ன விலை சொன்னாலும் கல்யாண வீட்டுக்காரர் வாங்கித்தான் தீரவேண்டும். அது பூக்காரருக்கும் தெரியும். நாளைக்கே போகவேண்டும் என்று வருகிறவர் யார்? வியாபார விஷயமாகப் போகிறவர், பரீட்சைக்குப் போகிறவர், ஆஸ்பத்திரிக்கும் சாவு வீட்டுக்கும் போகிறவர். இவர்களில் யாரும் விலையைப் பார்த்துத் திரும்பிப் போகமாட்டார்கள்.

180 சீட் உள்ள விமானத்தில் எல்லாச் சீட்டும் ஒரே விலை கிடையாது. ஒரே மாதிரி சீட்டைத்தான் பல விலைப்படிகளாகப் பிரித்து வைக்கிறார்கள். அடிப்படியில் கொஞ்சம் சீட்டு. அது தீர்ந்தால் அடுத்த படி. நாள் நெருங்க நெருங்க அடிப்படிகளை மூடிவிடுவதும் உண்டு. அதனால் பாதி விமானம் காலியாக இருந்தாலும் நமக்குக் காட்டுவது மேல்படி விலைதான். 1994-ல் ஏர் கார்ப்பரேஷன்ஸ் சட்டத்தை நீக்கித் தனியார் விமானங்களுக்கு வழி திறந்தார்கள். 2003-ல் ஏர் டெக்கான் வந்தது. அதை ஆரம்பித்த கேப்டன் கோபிநாத்தின் வாழ்க்கையைத் தழுவித்தான் 2020-ல் 'சூரரைப் போற்று' படம் வந்தது. அந்தக் கம்பெனி கொடுத்த ஒரு ரூபாய் டிக்கெட் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதுகூட முன்னாடியே முந்திக்கொண்டு வாங்கியவர்களுக்குத்தானே தவிர, கடைசியில் ஓடி வந்தவர்களுக்கு அல்ல.

கடைசி நேரத்தில் விலை குறையவே குறையாதா என்றால், எப்போதாவது குறையும். கூட்டமில்லாத மாதத்தில், வாரத்தின் நடு நாளில், அர்த்தராத்திரி விமானத்தில் அப்படி நடக்கலாம். சும்மா ஊர் சுற்றப் போகிறவர் காத்திருந்து பார்க்கலாம். கிடைக்காவிட்டால் வீட்டில் இருந்துவிடலாம். அவசரத்துக்குப் போகிறவர் அந்தச் சூதாட்டத்தை ஆடக் கூடாது. போய்த்தான் ஆகவேண்டும் என்றால் பார்த்தவுடன் வாங்கிவிடுங்கள். இதுதான் நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

அப்படியானால் அவசரத்தில் பணத்தை மிச்சம் பிடிக்க வழியே இல்லையா? இருக்கிறது. காத்திருப்பதில் இல்லை, தேடுவதில் இருக்கிறது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், ஒரே ஊரைப் பார்த்து உட்காராதீர்கள். திருநெல்வேலிக்குப் போகிறவருக்குத் தூத்துக்குடி வாகைக்குளம், மதுரை, திருவனந்தபுரம் என்று மூன்று விமான நிலையம் இருக்கிறது. ஓணத்துக்கு முந்தின வாரம் கேரளாவுக்கு விலை ஏறும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. மதுரையைப் பார்த்திருக்க வேண்டும். அங்கிருந்து திருநெல்வேலி சுமார் 160 கிலோமீட்டர்தான். அதேபோல், கோயம்புத்தூர்க்காரர் கொச்சியையும், தஞ்சாவூர்க்காரர் திருச்சியோடு மதுரையையும், வேலூர்க்காரர் சென்னையோடு பெங்களூரையும் சேர்த்துப் பார்க்கலாம். கார், பஸ் செலவைக் கூட்டிக் கணக்குப் பாருங்கள்.

சென்னை வழியாக இரண்டு விமானம் மாறிப் போனால் சில சமயம் மலிவாக இருக்கும். ஆனால் இரண்டையும் ஒரே டிக்கெட்டாக வாங்குவது நல்லது. தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் இரண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது. பெட்டியையும் நாமே எடுத்து மறுபடி போடவேண்டும். அப்படி வாங்கத்தான் வேண்டும் என்றால் நடுவில் நாலு மணி நேரமாவது விடுங்கள்.

அடுத்து, ஆள் எண்ணிக்கை. நாலு பேருக்குச் சேர்த்துத் தேடினால், அடிப்படியில் இரண்டு சீட்டு மட்டும் இருந்தாலும் பெரும்பாலும் நாலு பேருக்கும் மேல்படி விலையைத்தான் காட்டும். ஒருவருக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். விலை குறைவாகத் தெரிந்தால் இரண்டிரண்டு பேராகப் பிரித்து வாங்குங்கள்.

அறுபது வயதானவர்களுக்கும், மாணவர்களுக்கும், ராணுவத்தினருக்கும் சலுகைக் கட்டணம் உண்டு. நம்மில் பல பேர் கேட்பதே இல்லை. தேடும்போதே அந்தக் கட்டத்தில் குறியிட வேண்டும். வயதுச் சான்று, கல்லூரி அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். இந்தச் சலுகை பொதுவாக அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும்தான், வரிகளுக்குக் கிடையாது. அதனால் சாதாரண விலையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏஜென்ட் தளத்தில் பார்த்த அதே விமானத்தை அந்தக் கம்பெனியின் சொந்தத் தளத்திலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கடைசிப் பக்கத்தில் 'கன்வீனியன்ஸ் ஃபீ' என்று ஒரு தொகை சேரும். சீட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்லி, சாப்பாடு வாங்கச் சொல்லி நச்சரிக்கும். ஒன்றும் வேண்டாம் என்று தாண்டிப் போனால், செக்-இன் செய்யும்போது ஏதாவது ஒரு சீட்டு தானாகக் கிடைக்கும். சாவு வீட்டுக்குப் போகிறவருக்கு ஜன்னல் சீட்டு எதற்கு? கைப்பெட்டி ஏழு கிலோவோடு கிளம்புங்கள். பெரிய பெட்டி இல்லாதவர்களுக்குக் குறைந்த கட்டணம் வைத்திருக்கும் கம்பெனியும் உண்டு.

போகும் டிக்கெட் மட்டும் வாங்குங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்குத் திரும்பி வரும் நாள் எப்படித் தெரியும்? உள்நாட்டு விமானத்தில் போகவர சேர்த்து வாங்கினால் பெரிய லாபம் ஒன்றும் இருப்பதில்லை.

இன்னொரு விஷயம் எனக்குத் தெரியாமலே இருந்தது. அம்மா காரியத்துக்கு என் வீட்டுக்காரருக்கு வாங்கிய ஒரு டிக்கெட், லீவு கிடைக்காமல் வீணாகிவிட்டது. 'திருப்பித் தரப்படாது' என்று போட்டிருந்ததால் விட்டுவிட்டோம். பிறகு ஒரு தோழி சொன்னாள். பயணம் செய்யாவிட்டாலும், வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் கம்பெனி திருப்பித் தரவேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதி. கேட்டு எழுதினோம். வந்தது. பெரிய தொகை இல்லை. ஆனாலும் நம் பணம்தானே?

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. பதற்றத்தில் விமானக் கம்பெனியின் போன் நம்பரை இன்டர்நெட்டில் தேடாதீர்கள். போலி நம்பரைப் போட்டு வைத்துக் காத்திருக்கிறார்கள். "அம்மா, கடைசி நேர டிஸ்கவுண்ட் இருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க" என்பான். சொன்னால் பணம் போச்சு. வாட்ஸ்அப்பில் வரும் பாதி விலை டிக்கெட்டும் இப்படித்தான். கம்பெனியின் சொந்தத் தளத்திலோ, பழைய டிக்கெட்டிலோ உள்ள நம்பரை மட்டும் நம்புங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

இவ்வளவையும் அந்த ராத்திரியில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாது. கை நடுங்கும்போது எழுத்தே தெரியாது. அதனால் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இதைச் செய்து வையுங்கள். ஒரு நோட்டில் வீட்டில் உள்ளவர்கள் பெயரை அடையாள அட்டையில் உள்ளபடி எழுதுங்கள். நமக்கு இனிஷியல் தகராறு உண்டு. டிக்கெட்டில் கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் கேட்கும். நமக்கு ஒற்றை எழுத்துதான் இருக்கும். அப்பா பெயரா, வீட்டுக்காரர் பெயரா என்று அப்போது குழம்புவோம். ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதி வையுங்கள். ஊரைச் சுற்றி உள்ள விமான நிலையங்கள், அங்கே நம்பிக்கையான கார்க்காரர் நம்பர் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், உங்கள் பேரில் ஒரு கணக்கும், உங்கள் போனுக்கு ஓ.டி.பி. வரும் ஒரு கார்டும். அதை நீங்களே பயன்படுத்தப் பழகிக்கொள்ளுங்கள். அன்று பதினோரு மணிக்கு என் கையில் அது இருந்திருந்தால், 12,300 கொடுத்தாவது காலை விமானத்தில் ஏறியிருப்பேன். "எனக்கு எதுக்குங்க கார்டு? அவர் பாத்துக்குவார்" என்று பெருமையாகச் சொன்னவள்தான் நானும். இப்போது மாதம் 1,000 ரூபாய் என் கணக்கில் போடுகிறேன். அதை யாரும் தொடக் கூடாது. தாய் வீட்டுக்கு அவசரமாகக் கிளம்பும் பணம் அது. மாமியார் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுக்காகவும்தான்.

கடைசியாக, விமானக் கம்பெனிகளுக்கும் அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. வியாபாரம் வியாபாரம்தான், ஒப்புக்கொள்கிறேன். முன்கூட்டி வாங்குகிறவருக்குக் குறைத்துக் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் சாவுக்குப் போகிறவர் எப்படி முன்கூட்டி வாங்குவார்? வெளிநாட்டில் ஏர் கனடா, டெல்டா போன்ற கம்பெனிகள் நெருங்கிய உறவினர் இறப்புக்குப் போகிறவர்களுக்கென்று தனிக் கட்டணம் வைத்திருக்கின்றன. 2024 பிப்ரவரியில் கனடாவில் ஒரு தீர்ப்பு வந்தது. பாட்டி இறந்ததற்குப் போன ஒருவரிடம், கட்டணச் சலுகையைப் பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று ஏர் கனடாவின் தளத்தில் பதில் சொல்லும் இயந்திரம் சொல்லியிருக்கிறது. பிறகு கேட்டபோது கம்பெனி மறுத்தது. இயந்திரம் சொன்னதற்கும் கம்பெனிதான் பொறுப்பு என்று சொல்லி, நஷ்ட ஈடு கொடுக்க உத்தரவிட்டது தீர்ப்பாயம்.

நம் நாட்டில் முடியாத காரியமா? கட்டணத்துக்கு எல்லை கட்ட முடியும் என்று அரசே காட்டியிருக்கிறது. கொரோனா காலத்தில் 2020 மே முதல் 2022 ஆகஸ்டு வரை கட்டண வரம்பு இருந்தது. 2025 டிசம்பரில் விமானங்கள் ஏராளமாக ரத்தாகி விலை விஷம்போல் ஏறியபோது, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,000 வரை 12,000, 1,500 வரை 15,000, அதற்கு மேல் 18,000 என்று தற்காலிகமாக உச்சவரம்பு போட்டார்கள். வரிகள் தனி. நாட்டுக்கே அவசரம் வந்தால் வரம்பு போடலாம். ஒரு வீட்டுக்கு அவசரம் வந்தால் ஒன்றும் கிடையாதா?

எல்லோருக்கும் குறைக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு விமானத்திலும் இரண்டே இரண்டு சீட்டை நடுப்படி விலையில் கடைசி வரை ஒதுக்கி வையுங்கள். ஆஸ்பத்திரிக் கடிதமோ, இறப்புச் சான்றோ கொடுப்பவருக்குத் தாருங்கள். பொய்க் கடிதம் வரும் என்று பயந்தால், முழு விலையை வாங்கிக்கொண்டு, சான்றைச் சரிபார்த்தபின் மிச்சத்தைத் திருப்பிக் கொடுங்கள். புற்றுநோயாளிகள் சிகிச்சைக்குப் போக ரயிலில் கட்டணச் சலுகை இருக்கிறதே, அங்கே சான்று பார்த்துத்தானே கொடுக்கிறார்கள்? ஒன்றிரண்டு பேர் ஏமாற்றுவார்கள் என்பதற்காக உண்மையாக அழுகிறவரிடம் மூன்று மடங்கு வாங்குவது நியாயமா?

அது வரும்போது வரட்டும். அதுவரை தோழிகளே, 'ராத்திரி குறையும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஐயாயிரம் ரூபாயை எப்படியாவது சம்பாதித்துவிடலாம். சிக்கனமாக இருந்தால் ஆறு மாதத்தில் சேர்த்துவிடலாம். வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறவர்களுக்கு அவ்வளவு நேரம் இருக்காது.

— ஒரு வாசகி, செம்பூர், மும்பை